மிளகாய்ச் செடி மீது பழி வேண்டாம்!

சித்திரை மாதம். மதுரையில் ஒரு வீட்டு மொட்டை மாடி. தொட்டியில் மிளகாய்ச் செடி பூத்திருக்கிறது. ஆனால் ஒரு காய்கூட இல்லை! பூவெல்லாம் கீழே கிடக்கிறது.

"கண் பட்டுவிட்டது" என்கிறார் பாட்டி. "விதை மட்டம்" என்கிறார் வீட்டுக்காரர். செடியைப் பிடுங்கி எறியப் போகிறார்கள்.

செடி மீது குற்றம் இல்லை. வெயில்தான் காரணம். 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் நீடித்தால் பூவின் மகரந்தம் கெடும், பூ உதிரும். மதுரைக் கோடையில் 40 டிகிரியும் உண்டு. மாடித் தளத்தின் அனல் வேறு!

ராமநாதபுரம் மாவட்ட விவசாயிகளைப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயை அவர்கள் கோடையிலா விதைக்கிறார்கள்? புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி அல்லவா விதைக்கிறார்கள்!

செடி வாடுகிறது என்று யூரியாவை அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அது வீண் வேலை. இலைதான் பெருகும், பூ குறையும்.

சில காய்களில் நுனி கறுத்து அமுங்கும். ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி, இரண்டு நாள் காயவிட்டால் இப்படித்தான் ஆகும். நீர் சீராகக் கிடைத்தால்தான் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரும்.

காயில் ஓட்டை இருந்தால் உள்ளே புழு. நாலு செடிக்குப் பூச்சி மருந்து எதற்கு? இரவுச் சாம்பாருக்குக் கிள்ளும் காயில் விஷம் தெளிக்கலாமா? ஓட்டை விழுந்த காயைப் பறித்து அழித்தால் போதும்.

உச்சி வெயிலில் தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். மண்மேல் சருகு பரப்புங்கள். காலையில் தண்ணீர் விடுங்கள். ஆவணி, புரட்டாசி மழையில் சூடு தணிந்ததும் அதே செடியில் பிஞ்சு நிற்கும்.