பம்ப் பிடிக்கச் சொல்லித்தருவது யார் வேலை?

ஆசிரியர் உரை

ஆஸ்துமாவுக்கு மருந்து எழுதித் தர ஒருவர் இருக்கிறார்; எடுத்துக் கொடுக்க ஒருவர் இருக்கிறார். அதை எப்படி உள்ளே இழுப்பது என்று சொல்லித்தர மட்டும் நம் மருத்துவமனைகளில் பெயர் குறித்து ஆள் போடவில்லை. செவிலியர் சொல்லிவிடுவார் என்று மருத்துவர் இருக்கிறார். மருந்து வாங்கும் இடத்தில் சொல்வார்கள் என்று செவிலியர் நினைக்கிறார். மருந்தாளுநரின் ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல்வரை நிற்கிறது. கடைசியில் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த பொடி எழுத்துத் தாள்தான் பாடம் நடத்துகிறது. பொடி இன்ஹேலரில் போட்டு இழுக்க வேண்டிய ரோட்டாகேப்ஸைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிய நோயாளியைச் சந்திக்காத நெஞ்சக மருத்துவர் தமிழ்நாட்டில் அபூர்வம்.

இந்த வேலைக்குத் தனியாக ஒரு தகுதி வேண்டும் என்று அமெரிக்காவில் முடிவெடுத்து, 2002இல் ஆஸ்துமா பயிற்றுநருக்கான சான்றளிப்புத் தேர்வைத் தொடங்கினார்கள். செவிலியர், மருந்தாளுநர், சுவாச சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எனப் பலரும் அதை எழுதினார்கள். இந்த உரிமங்கள் எதுவும் இல்லாதவருக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: நோயாளிகளுக்கு நேரடியாக ஆஸ்துமா கற்பித்த 1000 மணி நேர அனுபவம். பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அந்த வினாத்தாளைவிட, இந்த 1000 மணி நேர விதியைத்தான் நாம் இரவல் வாங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.43 கோடிப் பேர். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் நம் பங்கு 13 சதவீதம். ஆஸ்துமா மரணங்களிலோ 42 சதவீதம். இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்துக்கு முக்கியக் காரணம் தெரிந்ததுதான். ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடசோனைடு இன்ஹேலர் இருக்கிறது. ஆனால் பட்டியலிலிருந்து மூச்சுக்குழாய்வரை மருந்து போய்ச்சேர இன்னும் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். இன்ஹேலர் வைத்திருப்பவர்களிலும் 70 முதல் 80 சதவீதம் பேர்வரை அதைச் சரியாகப் பிடிப்பதில்லை என்கிறது உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா. கற்பிக்க வேண்டிய நம்மிலும் பலருக்குச் சரியாகச் செய்து காட்ட வரவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. இந்த வரியை நம் மாநாடுகளில் யாரும் திரையில் போட்டுக் காட்டுவதில்லை.

2019இல் ஜினா இன்னொரு திருப்பத்தையும் கொண்டுவந்தது. சால்பூட்டமாலை மட்டும் தனியாக நம்பியிருக்கும் சிகிச்சை இனி வேண்டாம் என்றது. சால்பூட்டமால் உள்ள நீல பம்ப் அடித்தவுடன் நெஞ்சு லேசாகிறது. பழுப்போ ஊதாவோ, ஸ்டீராய்டு உள்ள மற்ற பம்ப் அடித்தால் உடனே ஒன்றும் தெரிவதில்லை. இதில் எது உயிர் காக்கிறது என்பதை நோயாளியின் அனுபவத்துக்கு எதிராக நின்று புரியவைக்க வேண்டும். 'டெரிபிலின் ஊசி ஒண்ணு போட்டு விட்டா போதும்' என்று வருகிறவரிடம் அதைச் சொல்லி முடிக்க, புறநோயாளிப் பிரிவின் இரண்டு நிமிடம் எப்படிப் போதும்?

சரி, பயிற்றுநரைத் தயாரிக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். எந்த ஊருக்கு?

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் அவ்வூர்ப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கருப்பட்டி, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் உருவாகிறது. பனை ஏறிப் பதநீர் இறக்கிவருபவர் ஆண். காய்ச்சுகிறவர் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண். பதநீர் பாகாகிச் சிரட்டையில் ஊற்றும் பதம் வரும்வரை மணிக்கணக்கில் அவர் அடுப்பை விட்டு நகர முடியாது. காய்ந்த ஓலையும் விறகும் எரிகின்றன. 'புகையைத் தவிர்க்கவும்' என்ற பாடப்புத்தக வரியை அவரிடம் சொன்னால், பிழைப்பை விடு என்று சொன்னதாகத்தான் அவர் காதில் விழும். நல்ல பயிற்றுநர் முதலில் விடிலிக்குள் போய் நிற்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கூரையில் புகை போக வழி இருக்கிறதா, அடுப்பை வாசல் பக்கம் தள்ளி வைக்க முடியுமா என்று பார்ப்பார். காலை மருந்தை அடுப்பு மூட்டுவதற்கு முந்தைய வேலைகளோடு சேர்த்துப் பழக்குவார். சீசன் தொடங்குமுன்பே ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப்போய் மருந்தின் அளவைச் சரிபார்க்கச் சொல்வார். சுக்குக் கருப்பட்டிக் காப்பியைப் பழிக்க மாட்டார். அது தொண்டைக்கு இதம். குடிக்கட்டும், பம்பையும் விடாமல் அடிக்கட்டும்.

ஆனி, ஆடிக் காற்றில் தேரியின் செம்மண் பறக்கும் ஊர் அது. புரட்டாசியில், சில ஆண்டுகளில் ஐப்பசியிலும், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா வரும். விரதமிருந்து காளி வேடம் கட்டும் இளைஞனுக்கு வீசிங் இருக்கலாம். முகத்தில் சாயம், தலையில் சடாமுடி, சுற்றிலும் புழுதியும் கூட்டமும். போகாதே என்று சொல்லும் பயிற்றுநரிடம் அவன் மறுபடி வரமாட்டான். வேடத்துக்குள் பம்பை எங்கே செருகி வைப்பாய், கூட வருகிறவர்களில் யாருக்கு அது தெரியும் என்று கேட்பவருக்கு மட்டும் அவன் பதில் சொல்வான்.

ரமலானும் பாடத்திட்டத்தில் வர வேண்டும். உடன்குடியிலும் காயல்பட்டினத்திலும் நோன்பாளிகள் கேட்கும் முதல் கேள்வி, இன்ஹேலர் அடித்தால் நோன்பு முறியுமா என்பது. மார்க்க அறிஞர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. தீர்ப்புச் சொல்வது நம் வேலையும் இல்லை. தினம் இருவேளை எடுக்கும் மருந்தை சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும், மூச்சு முட்டினால் பம்ப் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் நோன்பு தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். பள்ளிவாசல் இமாமிடம் முன்கூட்டிப் பேசி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

உடன்குடிக்குப் பக்கத்துக் கல்லாமொழியில் 1320 மெகாவாட் அனல்மின் திட்டம் எழுந்திருக்கிறது. அதைப் பற்றியும் கேட்பார்கள். காற்றின் அளவீடு கையில் இல்லாமல் பயமுறுத்துவதும் தவறு, ஒன்றும் ஆகாது என்று தட்டிக்கொடுப்பதும் தவறு.

இத்தனையும் தெரிந்த ஆளை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. அங்கேயே இருப்பவர்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இப்போது சேர்ந்திருக்கின்றன. ஆனால் எல்லாச் சுமையையும் தன்னார்வலர் தலையில் ஏற்றிவிடும் நம் பழைய வழக்கம் இங்கே வேண்டாம். அவர் பம்ப் பிடிப்பதைப் பார்த்து, தவறு இருந்தால் சொல்லி அனுப்பட்டும். சான்று பெற்ற பயிற்றுநராகச் செவிலியர், மருந்தாளுநர், இடைநிலை சுகாதாரப் பணியாளர் ஆகியோரில் ஒருவர் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும். அதற்கென வாரத்தில் ஒதுக்கிய நேரமும், அந்த நேரத்துக்குச் சம்பளமும் இருக்கட்டும்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தரும் முறை நமக்குப் புதிதல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவதை 1959இல் உலகுக்குக் காட்டியது. மருந்துக்குக் கிடைத்த பெயரில் ஒரு பங்கு, வீடு தேடிப்போய்க் கவனித்த பணியாளர்களுக்கும் உரியது.

இனி தேர்வு. அது தமிழில் இருக்க வேண்டும். கையால் எழுதும் பகுதி குறைவாக இருக்க வேண்டும். மருந்தில்லாத மாதிரி இன்ஹேலரைத் தேர்வர் முதலில் தானே பிடித்துக் காட்டட்டும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளிவிட்டு, ஸ்பேசரை உதட்டால் இறுக்கி, பம்பை அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி. பொடி இன்ஹேலரானால் மாறாக வேகமாக, ஆழமாக. பிறகு எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, அவர் தனியாகச் செய்யும்வரை கற்றுத்தரட்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசும் நோயாளியை இங்கே வைத்திருக்கக் கூடாது, உடனே அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சரியாகக் கற்றவரும் 4 முதல் 6 வாரங்களில் மறுபடி தவறு செய்யத் தொடங்குகிறார் என்பதால், சான்றிதழை அன்றே கையில் கொடுக்கக் கூடாது. ஆறு வாரம் கழித்து அவர் கற்பித்த நோயாளியின் கையைப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் பாடத்தை வகுத்து, தூத்துக்குடி போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகள் தேர்வை நடத்தினால் செலவும் பெரிதாகாது.

கசப்பான ஒன்றும் உண்டு. இன்று நாட்டின் பல இடங்களில் இன்ஹேலர் சொல்லித்தரும் ஆட்களை மருந்து நிறுவனங்களே அனுப்புகின்றன. அவர்கள் இல்லாவிட்டால் அந்த அளவுக்குக்கூட நடந்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் சான்றிதழில் எந்த நிறுவனத்தின் முத்திரையும் இருக்கக் கூடாது. விலை குறைந்த பம்பே போதும் என்று நோயாளியிடம் சொல்லும் சுதந்திரம் பயிற்றுநருக்கு வேண்டும்.

உலக ஆஸ்துமா தினம் மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வருகிறது. அன்று பேரணிக்குப் பதாகை அச்சடிக்குமுன், உங்கள் நிலையத்தில் மருத்துவர் முதல் மருந்தாளுநர் வரை ஒவ்வொருவரும் மாதிரி இன்ஹேலரைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்பதையும், உங்கள் ஊருக்கென்று பாடத்தில் சேர்க்க வேண்டியவை எவை என்பதையும் எங்களுக்கு எழுதுங்கள். தேர்வின் வரைவை அவற்றைக் கொண்டே எழுத விரும்புகிறோம்.