துப்பாக்கி கேட்பவர்களும் கேட்கப்படாத புகார்களும்

சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் நம் கண்ணில் படும் தனியார் துப்பாக்கி அநேகமாக ஒன்றுதான். ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வைக்க வரும் வண்டியிலிருந்து முதலில் இறங்கி, இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் வாசலில் நிற்கும் காவலருடையது. பெரும்பாலும் வயதான முன்னாள் ராணுவத்தினர். அவரைத் தவிர வேறு யாராவது தோளில் துப்பாக்கியோடு டீக்கடைக்கு வந்தால் கடையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆனால் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் டெக்சாசுக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே இடுப்பில் கைத்துப்பாக்கி வெளியே தெரியும்படி ஒருவர் பால் வாங்க வந்தால் அதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. இதைத்தான் 'ஓப்பன் கேரி' என்கிறார்கள்.

டெக்சாஸ் மாநிலம் உரிமம் பெற்றவர்களுக்கு இதை அனுமதித்தது 2016 சனவரி 1 முதல். அப்போது டாலஸ் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் கெவின் ஃபாரல். 2025 ஏப்ரல் 21 காலையில் திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்த செய்தியை உலகுக்கு அறிவித்த அதே கர்தினால்தான். அவர் அந்தச் சட்டத்தை வெளிப்படையாகக் கண்டித்ததோடு, தம் மறைமாவட்டத்து ஆலயங்களுக்குள் துப்பாக்கி வரக் கூடாது என்றும் அறிவித்தார். கோவிலுக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று ஓர் ஆயர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். 2025 ஆகஸ்ட் 27 அன்று மினியாபொலிஸ் நகரில், பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் இருந்தபோது ஆலயத்தின் சன்னல் வழியாக ஒருவன் சுட்டதில் 2 சிறார்கள் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு மூவேளைச் செபத்தின்போது திருத்தந்தை 14ஆம் லியோ, பெரிதும் சிறிதுமான ஆயுதங்கள் ஒரு கொள்ளைநோயாக உலகைத் தொற்றியிருப்பதைப் பற்றிப் பேசினார்.

இருந்தும் அங்குள்ள துப்பாக்கி உரிமை அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கள் கேட்டதைப் பெற்றுவருகின்றன. 2022 சூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுசெல்வது குடிமகனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. 2024க்குள் 29 மாநிலங்களில் அதற்கு உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது. 2025 செப்டம்பரில் புளோரிடாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வெளிப்படையாக ஏந்திச் செல்வதற்கு இருந்த தடையையும் நீக்கியது. துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்கு இருந்த 200 டாலர் வரி 2026 சனவரி 1 முதல் இல்லை. ஒரு மாநிலம் தந்த உரிமம் எல்லா மாநிலங்களிலும் செல்ல வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

இந்தியாவில் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 'நேஷனல் அசோசியேஷன் ஃபார் கன் ரைட்ஸ் இந்தியா' என்ற அமைப்பு உரிமம் வழங்கும் முறையை எளிதாக்கக் கேட்டுவருகிறது. 2008 மும்பைத் தாக்குதலில் மக்கள் வெறுங்கையோடு நின்றதைச் சுட்டிக்காட்டுவது இவர்கள் தரப்பின் வழக்கம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைக் காந்தியடிகள் கடுமையாகக் கண்டித்ததையும் சாட்சிக்கு அழைப்பார்கள். காந்தியடிகள் அதை எழுதியது 1918இல், முதல் உலகப் போருக்கு குஜராத்தில் ஆள் சேர்த்த நேரத்தில். இதை மட்டும் அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

2019இல் மத்திய அரசு ஆயுதச் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. ஒருவர் 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைப்பதுதான் முதல் திட்டம். துப்பாக்கி உரிமை அமைப்பினர், அரச குடும்பத்தார், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள், பஞ்சாபின் அன்றைய முதல்வர் அமரீந்தர் சிங் எனப் பலரும் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது ஒன்று என்பது 2 ஆகியிருந்தது. உரிமத்தின் காலமும் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாயிற்று. திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவோருக்கு 2 ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்ற புதிய பிரிவும் சேர்ந்தது. வடமாநிலத்துக் கலியாணங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் தேவை புரியும்.

நம் மாநிலத்துக்கு இந்தச் சண்டை சற்றுத் தூரம்தான். உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.7 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் சுமார் 22,500. குடகு நாட்டில் குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு உண்டு. மற்ற எவருக்கும் இந்த நாட்டில் துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதி. உரிமம் பெற்றவரும் அதைப் பொது இடத்தில் உறையில் மூடியே கொண்டுபோக வேண்டும், காட்டி மிரட்டக் கூடாது என்கின்றன 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்.

இது தானாக அமைந்ததல்ல. 1931 கராச்சி காங்கிரசில் நிறைவேறிய தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது. அதை நினைவூட்டி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. கடைசியில் நமக்குக் கிடைத்தது பிரிவு 19(1)(ஆ): அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை.

'ஆயுதமின்றி' என்ற அந்த ஒரு சொல்லின் மதிப்பு நம் பகுதியில் நமக்கே தெரிந்தது. 2021 டிசம்பரில் விடுதி உணவு கெட்டு 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த அவர்களின் தோழிகள் இரவு முழுக்கச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாள், சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு ஊர்வலம் போகக் கிளம்பியவர்களைப் போலீசார் பிடித்தார்கள். பந்தலையும் பிரித்தார்கள். எது சரி எது தவறு என்பதில் நம் பங்கு மக்களிடையேயும் இரு கருத்து இருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் போராட்டத்திலும் தம்பி இன்னொரு ஆலையின் நிர்வாகத்திலும் இருக்கும் ஊர் இது. ஆனால் 37 நாளும் எவர் கையிலும் துப்பாக்கி இல்லை. 2020 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஊரடங்கை எதிர்த்தவர்கள் நீண்ட துப்பாக்கிகளுடன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போய் நின்றார்கள். அன்று அது சட்டப்படி சரியே. அதே சட்டம் இங்கே இருந்திருந்தால் அந்தப் பந்தலில் முதல் வாரத்தையாவது தாண்டியிருப்போமா? கம்பெனி தரப்பில் நிற்கும் காவலாளியும் அல்லவா ஏந்தியிருப்பார்!

அதற்காக நம் பகுதி சாந்தி நிலவும் இடம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே ரத்தம் சிந்துவது அரிவாளாலும் நாட்டு வெடிகுண்டாலும். ஆலைகளிலிருந்து வெளியேறும் கழிவு இரும்பை, நாம் ஸ்கிராப் என்கிறோமே அதை, யார் எடுப்பது என்ற போட்டி எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பதை ஸ்ரீபெரும்புதூரில் கடை வைத்திருப்பவர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி பெரிய கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டினார். அந்த ஓர் இரவில் 70 பேருக்கு மேல் கைதானார்கள். இப்போது அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் செல்போனில் கத்தியோடு படம் போடுகிறார்கள். நம் ஊர் 'ஓப்பன் கேரி' இதுதான் போலிருக்கிறது.

சட்டத்தில் இதற்கு ஓர் இடுக்கும் உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி, வாள் போன்றவை ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்த கருவிகளுக்கு விலக்கு. இருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் தென்னை ஏறுபவர் என்ன செய்வார்? கலப்பைக் கொழு வாளாவதைப் பற்றி இறைவாக்கினர் யோவேல் சொன்னது இங்கே உவமை இல்லை.

இந்த நிலையில்தான் துப்பாக்கி உரிமம் கேட்கும் குரல் நம் மாநிலத்திலும் எழுகிறது. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே வாரத்தில் நம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வளர்புரம் ஊராட்சித் தலைவர், நசரத்பேட்டை அருகே காரில் வந்தபோது வெடிகுண்டு வீசி வெட்டிக் கொல்லப்பட்டார். பிறகு சேலம் மாவட்டத்தில் மண் கடத்தலைத் தடுத்த ஒரு கிராம நிர்வாக அலுவலர் தமக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அந்த மனிதரைப் பார்த்து "அகிம்சையைக் கடைப்பிடியுங்கள்" என்று நாம் வீட்டில் உட்கார்ந்து சொல்வது எளிது. அவர் பயம் பொய்யில்லை.

ஆனால் துப்பாக்கி அவரைக் காப்பாற்றுமா? 2024 சூலை 5 மாலை பெரம்பூரில் தம் வீட்டு வேலை நடக்கும் இடத்தில் வழக்கறிஞரும் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவருமான ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டார். அவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஒப்படைத்த அதைச் சூன் 13 அன்றே திரும்பப் பெற்றுவிட்டார் என்று அன்றைய சென்னைக் காவல் ஆணையர் தெரிவித்தார். உணவு கொண்டுவருபவர்கள்போல் உடையணிந்து கும்பலாக வந்தவர்கள் முன் அது உதவவில்லை. உரிமம் யாருக்குக் கிடைக்கும் என்பதும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து, போலீஸ் அறிக்கை பெற்று, விலை கொடுத்து வாங்கக்கூடியவர் ஆலை முதலாளியோ அரசியல்வாதியோதான். ஒப்பந்தத் தொழிலாளியோ, வடமாநிலத்திலிருந்து வந்து வல்லத்தில் வாடகை அறையில் பத்துப் பேராகத் தங்கியிருப்பவரோ அல்ல.

துப்பாக்கி உரிமை அமைப்புகள் வாதத்தில் எங்கே வலுவாக நிற்கின்றன என்றால், "போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்" என்று சொல்லும்போதுதான். லூர்து பிரான்சிஸ் தாக்குதலுக்குச் சில நாள் முன்பே மணல் கடத்தியவர்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். அந்தப் புகாரில் பெயர் இருந்தவரும் இன்னொருவரும்தான் அந்த ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ஐந்து மாதத்தில் தீர்ப்பு, பாராட்ட வேண்டியது. புகார் கொடுத்த அன்றே அதில் பாதி வேகம் இருந்திருந்தால் துப்பாக்கியைப் பற்றிய பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

நம் பகுதியிலும் மண் லாரியைப் பற்றியோ ஸ்கிராப் மிரட்டலைப் பற்றியோ புகார் எழுதத் துணிபவர் தனியாகத்தான் காவல் நிலையப் படியேறுகிறார். கூட நான்கு பேர் போனால் ரசீது கையில் கிடைக்காமல் திரும்பி வருவது கொஞ்சம் கடினம். பங்குப் பேரவையில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற காவல்துறையினர்கூட இருக்கிறார்கள். அடுத்த முறை அப்படி ஒருவர் பூசை முடிந்து தயங்கி நின்றால், அவரோடு போக யாருக்கு நேரம் இருக்கிறது?