நட்சத்திரம் பிறக்க ஈர்ப்பு மட்டும் போதுமா? சந்திரசேகர் சொன்ன மீதிக் கதை

கரிக்கலாம்பாக்கம் வயல் பக்கம், தெருவிளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில், தை மாத இரவில் வானத்தைப் பார்த்தால் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே மங்கலாக ஒரு திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில், நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம்.

எப்படிப் பிறக்கின்றன? வழக்கமாகச் சொல்லும் கதை ரொம்ப சிம்பிள். மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கும், சூடாகும், நட்சத்திரமாகும். இது தப்பில்லை, ஆனால் பாதிக் கதைதான். பால்வீதியின் குளிர்ந்த மேகங்கள் எல்லாம் தடையில்லாமல் சுருங்கினால், ஆண்டுக்கு நூறு சூரியன்களுக்கும் அதிகமான வாயு நட்சத்திரமாக வேண்டும். நடப்பதோ ஒன்றிரண்டு சூரியன் அளவுக்குத்தான். யார் பிரேக் போடுவது?

கொந்தளிப்பு. இந்த மேகங்களில் குளிர் சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அங்கே ஒலியே நொடிக்கு 0.2 கிலோமீட்டர்தான் போகும். வாயுவோ நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் அலைமோதுகிறது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளத்தைப் பார்த்த பாகூர் பக்கத்து மக்களுக்கு இது புரியும்: பெரிய சுழி உடைந்து சின்னச் சுழிகளாகும். மேகத்திலும் அப்படித்தான். பரப்பு பெரிதானால் வேகமும் கூடுகிறது என்று 1981இல் ரிச்சர்ட் லார்சன் காட்டினார்.

அதற்கு 30 ஆண்டு முன்பே, 1951இல், இந்தக் கொந்தளிப்பும் அழுத்தம் மாதிரி ஈர்ப்பை எதிர்த்து நிற்கும் என்று கணக்குப் போட்டவர், சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். ‘சந்திரசேகர் எல்லை’ போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக்கூட மனப்பாடம். இந்தக் கணக்கை இங்கே யாரும் பேசுவதில்லை. நோபல் வாங்கிய வேலை மட்டும்தான் வேலையா என்ன?

அவர் கணக்கிலும் ஒரு பக்கம் விடுபட்டிருந்தது. ஒலியைவிட வேகமாக வரும் வாயு ஒன்றோடொன்று மோதினால், அங்கங்கே நசுங்கி அடர்த்தியாகும். அந்த இடங்களில் ஈர்ப்பு ஜெயிக்கும், நட்சத்திரம் பிறக்கும். மேகம் மொத்தமாகச் சுருங்காமல் தடுப்பதும், அதற்குள்ளேயே விதை போடுவதும் ஒரே கொந்தளிப்புதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கலக்கிவிட ஆள் இல்லாவிட்டால் கொந்தளிப்பு சீக்கிரமே அடங்கிவிடும். வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களா, புதிதாகப் பிறந்தவை பீய்ச்சும் வாயுவா, பால்வீதியின் சுழற்சியா? மூன்றுக்கும் பங்கு இருக்கலாம். எதன் கை ஓங்கியது என்பதில் வானியலாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.