கம்பி வந்தது, கதவு திறந்ததா?

ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு பச்சை விளக்கு. அந்தப் பெட்டியிலிருந்து கண்ணாடி இழைக் கம்பி ஒன்று புறப்பட்டு, கம்பத்துக்குக் கம்பம் தாவி, ஒன்றியத் தலைமையிடத்துக்குப் போகிறது. அங்கிருந்து சென்னைக்கும், தில்லிக்கும், உலகத்தின் எட்டுத் திக்குக்கும் போகிறது. ஆனால் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், நூறடித் தொலைவில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் கூலிக்காரன் மகனுக்கு மட்டும் அது போகவில்லை!

தோழர்களே! உலகத்தை எட்டிய கம்பி ஊரை ஏன் எட்டவில்லை? இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

ஆடம்பரமா?

இணையம் என்றால் சினிமாப் பார்ப்பதற்கும் சீட்டாடுவதற்கும்தானே, களை பறிக்கிறவனுக்கும் கல் உடைக்கிறவனுக்கும் அது எதற்கு என்று கேட்கும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று செய்திகளை நினைவூட்டுகிறோம்.

2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் செல்போனுக்குள் போயிற்று. செல்போன் இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை மாடு மேய்த்தது. 2021 மே மாதத்தில் 18 வயது முதல் 44 வயது வரையுள்ளோருக்குத் தடுப்பூசி என்றார்கள். ஊசி போட வேண்டுமானால் முதலில் இணையத்தில் பெயரைப் பதிய வேண்டும் என்றார்கள். உயிர் காக்கும் மருந்துக்கே இணையம் வாசற்படி ஆயிற்று! 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் வருகைப் பதிவைச் செல்போன் செயலி வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை. வருகை இருந்தால்தான் கூலி.

கல்விக்கு இணையம், மருந்துக்கு இணையம், கூலிக்கும் இணையம்! இதை ஆடம்பரம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? 2019-இல் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. உரிமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உரிமைக்கு மாதாமாதம் ரசீது போடுகிறவன் கம்பெனிக்காரன்!

பதின்மூன்று மாதக் கணக்கு

செல்போனில்தான் இணையம் இருக்கிறதே, வீட்டுக்குத் தனியாகக் கம்பி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 12 மாதம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. கம்பெனிக் கணக்கில் ஆண்டுக்கு 13 மாதம்! எப்படி? 'ஒரு மாத' ரீசார்ஜ் என்று நாம் நினைப்பது 28 நாளில் தீர்ந்துவிடுகிறது. பதின்மூன்று முறை போட்டால்தான் ஓர் ஆண்டு ஓடும். இந்தத் தந்திரத்தைக் கண்டு மக்கள் முறையிட்ட பிறகு, 30 நாள் திட்டம் ஒன்றாவது கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் உத்தரவிட்டது. ஒன்றை வைத்தார்கள், 28 நாள் கணக்கை விட்டார்களா? இல்லை.

2019 டிசம்பரில் கட்டணம் ஏறிற்று. 2021 இறுதியில் ஏறிற்று. 2024 ஜூலையில் மறுபடியும் ஏறிற்று. ஒரு கம்பெனி ஏற்றினால் மற்றதும் ஏற்றும். போட்டி என்பது விளம்பரப் பலகையோடு சரி. அந்த ஜூலையில், நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயாக உயர்ந்தது. அந்த 299-க்குள் 18 விழுக்காடு வரியும் அடக்கம். அதாவது 45 ரூபாய்க்கு மேல் சர்க்காருக்கு.

ஒரு வீட்டில் மூன்று செல்போன்: தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, படிக்கும் பிள்ளைக்கு ஒன்று. மூன்றுக்கும் 28 நாளுக்கு 897 ரூபாய். பதின்மூன்று முறைக்கு 11,661 ரூபாய். 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி, நாளொன்றுக்கு 336 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 35 நாள் கூலி! நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரீசார்ஜுக்கே போகிறது.

இவ்வளவு கொடுத்தும் கிடைப்பது என்ன? பிள்ளை பாடம் கேட்கத் தொடங்கினால் மாலைக்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடுகிறது. மழை வந்தால் சிக்னல் போகிறது. பாடத்தின் நடுவில் வட்டம் சுற்றுகிறது. பிள்ளை கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் ஏறுகிறது.

மக்களுக்கு ஆர்வம் இல்லையாம்!

இப்போது வீட்டுக் கம்பியைப் பார்ப்போம். பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2020-இல் அறிமுகப்படுத்திய வீட்டு இணைப்புத் திட்டம் மாதம் 449 ரூபாய். வரியைச் சேர்த்தால் 530. செல்போன் திட்டத்தில் 28 நாளுக்கு மொத்தம் 42 ஜி.பி.; இந்தக் கம்பியில் மாதம் 3,300 ஜி.பி. வீட்டில் உள்ள எல்லோரும் ஒன்றாகப் பயன்படுத்தலாம். அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆனால் கூலிக்காரன் பார்ப்பது அளவை அல்ல; மடியிலிருந்து போகும் காசை. வீட்டில் கம்பி வந்தாலும் செல்போனில் பேச வேண்டுமே! பேசுவதற்கு மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் கட்டளையிட்டது. அதன்படி 2025 ஜனவரியில் வந்த ஒரு திட்டம், 84 நாளுக்கு 448 ரூபாய். மூன்று செல்போனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,840 ரூபாய். வீட்டுக் கம்பிக்கு ஆண்டுக்கு 6,360. இரண்டும் சேர்ந்தால் 12,200. செல்போன் ரீசார்ஜ் மட்டும் போட்டால் 11,661.

பார்த்தீர்களா தோழர்களே! கம்பி வாங்கினால் ஐநூறு ரூபாய்க்கு மேல் அதிகம். அதோடு மோடத்துக்கு முன்பணம் வேறு கேட்டால், அன்றாடங்காய்ச்சி எப்படி வாங்குவான்? ஆகவே வாங்கவில்லை. உடனே குளிர்சாதன அறையில் இருப்பவர்கள் கூறுகிறார்கள்: கிராமத்து மக்களுக்கு ஆர்வம் இல்லை, விழிப்புணர்ச்சி இல்லை என்று! ஆர்வம் இல்லாதவனா 35 நாள் கூலியை இணையத்துக்குக் கொட்டுகிறான்? விழிப்பு இருப்பதால்தான் கணக்குப் பார்க்கிறான்.

கம்பி இல்லாமலே வீட்டுக்கு வரும் இணையம் என்று தனியார் 2023-இல் கொண்டுவந்தது 599 ரூபாயில் தொடங்கிற்று, வரி தனி. இரண்டு நாள் கூலிக்கு மேல். அதுவும் கோபுரம் அருகில் இருந்தால்தான். வானத்திலிருந்து வரும் என்கிறார்கள். ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் பெற்றது. வரட்டும். ஆனால் வானம் தரும் என்று நம்பி வாசலில் நிற்கும் கம்பியை நாம் மறந்துவிடக் கூடாது.

யார் பணத்தில் வந்த கம்பி?

இந்தக் கம்பி யாரோ ஒரு வள்ளல் போட்ட பிச்சை அல்ல. தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருவாயில் 5 விழுக்காடு, கிராமங்களுக்குச் சேவை கொண்டுபோவதற்கென்று 2002 முதல் தனி நிதியாகப் பிடிக்கப்படுகிறது. கம்பெனியின் வருவாய் எங்கிருந்து வந்தது? நம் ரீசார்ஜிலிருந்து வந்தது. ஆக, நாம் கொடுத்த காசுதான் கம்பியாக நீண்டு கம்பத்தில் தொங்குகிறது.

2011 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி. மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய். கெடு இரண்டே ஆண்டு. 2013 போயிற்று. 2015-இல் திட்டத்துக்குப் பாரத்நெட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். 2017 டிசம்பரில்தான் முதல் கட்டம், ஒரு இலட்சம் ஊராட்சிகளோடு, முடிந்தது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் வந்தது. ஆட்சிகள் மாறின, பெயர் மாறிற்று, தொகை மாறிற்று. திண்ணையில் படிக்கும் பிள்ளையின் நிலைமை மாறவில்லை.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணிக்கு விடப்பட்ட முதல் ஒப்பந்தப்புள்ளி, சச்சரவில் சிக்கி 2020-இல் ரத்தாயிற்று. அதன் பிறகே மறுபடி தொடங்கி வேலை நடந்தது. காலம் கடந்ததற்கு வட்டி கட்டியவர்கள் யார்? 2020-லும் 2021-லும் பாடத்தை இழந்த பிள்ளைகள்!

2 இலட்சத்து 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் 'சேவைக்குத் தயார்' என்று 2024-இல் அரசுக் கணக்கு கூறிற்று. தயார் என்றால் என்ன பொருள்? அலுவலகச் சுவரில் பெட்டி மாட்டியாயிற்று என்று பொருள். சமையல் 'தயார்' என்றால் பந்தியில் இருப்பவன் பசி ஆறிவிடுமா? இலையில் விழ வேண்டாமா? திருத்திய திட்டத்தில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு இணைப்பு என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அது நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் என்ன விலைக்கு என்பதை யார் தீர்மானிப்பது?

இரண்டு வழிகள்

ஏழைக்கு இணையம் தர உலகத்தில் இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, கம்பி கம்பெனியிடமே இருக்கட்டும், ரசீதில் ஒரு பகுதியை அரசு கட்டும் என்ற வழி. செல்வம் கொழிக்கும் அமெரிக்கா இதைச் செய்தது. மாதம் 30 டாலர் வரை, 2 கோடியே 30 இலட்சம் குடும்பங்களுக்கு. நிதி தீர்ந்தது; 2024 ஜூன் முதல் தேதியோடு உதவி நின்றது. உதவி நின்றது, கம்பெனியின் கம்பி கம்பெனியிடமே நின்றது. ஏழை மறுபடி தெருவில் நின்றான்.

இன்னொன்று, கம்பியே மக்கள் சொத்தாக இருக்கும் வழி. அண்டை மாநிலமான கேரளம் மின்வாரியத்தின் கம்பங்களைப் பயன்படுத்தி, 'கே-போன்' என்ற பொது நிறுவனத்தை 2023 ஜூன் 5-இல் தொடங்கிற்று. குறைந்த கட்டணம் 299 ரூபாய். 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. தொடக்கத்தில் கொடுத்தது 14,000 குடும்பங்களுக்கு. இலக்கு யானை, நடை நத்தை என்று குறை கூறலாம்; கூறவும் வேண்டும். ஆனால் விலையைத் தீர்மானிக்கும் கை மக்கள் அரசின் கையாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. நமக்கும் இது புதிதல்ல. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்குத் தொலைக்காட்சி இணைப்புத் தந்ததைத் தமிழ்நாட்டின் குக்கிராமமும் அறியும்.

நாம் கேட்க வேண்டிய விலை என்ன? வரி உட்பட மாதம் 200 ரூபாய். ஏன் 200? மறுபடியும் கணக்கு. ஆண்டுக்கு 2,400. பேசும் ரீசார்ஜ் 5,840. மொத்தம் 8,240. இன்றைய 11,661-இல் கழித்தால் மிச்சம் 3,400 ரூபாய்க்கு மேல். பத்து நாள் கூலி! அந்த விலை வந்த அன்று, ஆர்வம் இல்லை என்று சொல்லப்பட்ட அதே ஊரில் வரிசை நிற்கும். கம்பி போட்ட பணம் நம் பணம். ஆகவே கேட்பது சலுகை அல்ல. அதற்கு முதற்படியாகக் கிராமத்து வீட்டு இணைப்புக்கு உள்ள 18 விழுக்காடு வரியை நீக்கட்டும். 449 ரூபாய்த் திட்டத்தில் அதுவே ஆண்டுக்கு 970 ரூபாய். மூன்று நாள் கூலி.

நம் கையில் உள்ள வேலை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தோழர்கள் அங்கே போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துத் திரும்பக் கூடாது. எழுந்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நம் ஊராட்சிக்குக் கம்பி வந்துவிட்டதா? பெட்டியில் விளக்கு எரிகிறதா? பள்ளி, நூலகம், துணைச் சுகாதார நிலையம் இவற்றுக்கு இணைப்பு உண்டா? எத்தனை வீட்டுக்கு, என்ன விலைக்கு? பதில் இல்லையென்றால் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். காலனித் தெருவுக்குக் கடைசியில் என்ற பழைய பொல்லாத வழக்கம் மின்விளக்கு வந்த காலத்தில் நடந்தது. கம்பி வரும் காலத்திலும் நடக்க விடக் கூடாது. இணைப்பு முதலில் அங்கிருந்து தொடங்கட்டும் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அதுவரை கை கட்டி இருக்கவும் வேண்டியதில்லை. டீக்கடையும் மளிகைக் கடையும்கூட உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம் என்ற திட்டத்துக்கு 2020 டிசம்பரில் ஒப்புதல் தரப்பட்டது. அத்தகைய இடத்துக்கு, வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் ஆணையம் வரம்பு கட்டிற்று. 449-க்கு இரண்டு மடங்கு 898, வரியோடு 1,060. நம் படிப்பகத்தில் முப்பது பேர் சேர்ந்தால் ஆளுக்கு மாதம் 35 ரூபாய்தான். ஒரு காலத்தில் ஒரே ஒரு பத்திரிகையை வாங்கி, ஒருவர் உரக்கப் படிக்க, ஐம்பது பேர் கேட்ட இடம் அந்தப் படிப்பகம். எழுத்தறியாதவன் அங்கேதான் உலகத்தை அறிந்தான். அந்த ஓட்டுக் கூரையின்கீழ் ஒரு கம்பி இழுத்தால், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மாலையில் அங்கே வந்து உட்காருவார்கள்.

படிப்பகம் இடைக்கால ஏற்பாடுதான். வீட்டுக்கு வரவேண்டிய உரிமைக்கு அது ஈடாகாது. சுவரில் பெட்டி இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. நூறடித் தூரந்தான் பாக்கி. அடுத்த கிராம சபையில் அந்த நூறடியைப் பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள், தோழர்களே!