பழைய ஸ்பிட்ஃபயருக்குப் புது ஸ்பிரிங்: பின்பக்கம் உயர்ந்தால் ஆபத்து!

வளைவு நினைத்ததைவிடக் குறுகலாக இருக்கிறது. வேகமும் கொஞ்சம் அதிகம். யாராக இருந்தாலும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்துவிடும். பெரும்பாலான கார்களில் அதனால் பெரிய பிரச்னை வராது. ஆனால், 1962-ல் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப மாடல்களில், பின்பக்கம் சட்டென்று வெளியே வீசிக்கொண்டு போகக்கூடிய நேரமே அதுதான்.

இத்தாலிய டிசைனர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த அழகான இரண்டு சீட் கார் இது. 1980 வரை தயாரானது. இன்றைக்கும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டு கராஜில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே ஸ்பேனர் பிடிப்பவர்கள் ஏராளம். பின்பக்கம் தொங்கிப்போனால் அவர்கள் முதலில் தேடுவது புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர். இந்தக் காரில் தப்பான ஜோடியை மாட்டினால் சொகுசு மட்டுமல்ல, உயிரும் பிரச்னைக்குள்ளாகும்.

காரணம், அடியில் இருக்கும் அமைப்பு. லாரிகளில் பார்த்திருப்போமே, அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள், அந்த லீஃப் ஸ்பிரிங்தான் இதிலும். ஆனால் லாரியில் பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் இருப்பது, இதில் ஒன்றே ஒன்றாகக் குறுக்குவாக்கில், டிஃபரன்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு முனைகளிலும் பின்சக்கரங்கள். சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில், டிஃபரன்ஷியல் பக்கம் மட்டுமே மடங்கும். பறவையின் இறக்கை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை மேலே போனால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். கீழே இறங்கினால் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும்.

வளைவில் காலை எடுத்ததும் எடை முன்னால் போகிறது, பின்பக்கம் எழும்புகிறது. சக்கரத்தின் அடி உள்ளே மடங்க, டயர் வெளிவிளிம்பில் மட்டும் நிற்கிறது. பிடிமானம் போய்விடுகிறது.

நம்மூர்க்காரர்களுக்கும் இந்த அமைப்பு பழக்கமானதுதான். ஸ்பிட்ஃபயர் பிறந்ததே டிரையம்ஃப் ஹெரால்டு காரின் அடித்தளத்திலிருந்து. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று தயாரித்தது. தாத்தா வீட்டு ஆல்பத்தில் அந்தக் கார் நிற்கிறதா, பாருங்கள். 1970-களில் அதற்கு அடுத்து வந்த 'கெஸல்' மாடலில் இந்த இறக்கை ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, சாதாரண ஒற்றை ஆக்ஸிலையே போட்டார்கள்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். பொதுவாக, பழைய கார் தொங்கினால் ஆபத்து, நிமிர்ந்தால் நல்லது என்று நினைப்போம். ஸ்பிட்ஃபயரில் கிட்டத்தட்ட தலைகீழ். ஸ்பிரிங் தளர்ந்து பின்பக்கம் இறங்கினால் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்து நிற்கும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும், குழியில் அடி வாங்கும்; ஆனால் வளைவில் உடனே மடங்காது. புதுசாக மாட்டிய ஸ்பிரிங் காரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சக்கரங்கள் ஏற்கெனவே மடங்கத் தொடங்கிய நிலையில் நிற்கின்றன என்று அர்த்தம். அதனால்தான் ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு உலோகக் கட்டையை வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழி, கம்பெனியே 1970-ல் மார்க் 4 மாடலில் செய்தது. பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கி, மற்றவற்றை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டார்கள். குழியில் ஏறி இறங்கும்போது எல்லாப் பட்டைகளும் எடை தாங்கும். வளைவில் கார் சாயும்போது ஸ்பிரிங் எதிர்த்து நிற்காது, பின்பக்கமும் அவ்வளவாக எழும்பாது. பழைய மாடலிலும் இதை மாட்டலாம். ஆனால் முன்பக்கம் தடிமனான ஆன்டி-ரோல் பாரும் சேர்த்துப் போட வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க அதை விட்டால் கார் படகு மாதிரி சாயும்.

ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை பலரும் செய்யும் தவறு, இருப்பதிலேயே கடினமானதை வாங்குவது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. தொங்கிய காரை ஷாக் நிமிர்த்தாது. எடை குறைந்த இந்தக் காரில் கல் மாதிரி ஷாக்கைப் போட்டால், மேடுபள்ளத்தில் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும், முதுகும் சொல்லும். கோனி, ஸ்பாக்ஸ் போன்ற அட்ஜஸ்ட் செய்யக்கூடியவற்றை வாங்குபவர்கள், மென்மையான செட்டிங்கில் ஆரம்பித்து ஒவ்வொரு கிளிக்காக ஏற்றிப் பார்ப்பது நல்லது.

கடினத்தைவிட நீளம் முக்கியம். சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதில் ஷாக்கின் நீளத்துக்கும் பங்கு உண்டு. நீளம் கூடினால் சக்கரம் இன்னும் மடங்க இடம் கிடைக்கும். கட்டை வைத்து இறக்கிய காரிலோ, நீளமான ஷாக் முழுதாக அமுங்கி 'டங்' என்று அடிக்கும். எனவே ஸ்பிரிங்கை முடிவு செய்து, உயரத்தை அளந்த பிறகே ஷாக் வாங்க வேண்டும். அளக்கும்போது டிரைவர் சீட்டில் ஆள் இருப்பதும் அவசியம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது.

ஸ்பிரிங்கைக் கழற்ற சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் நட்டுகள் தெரியும். ஆனால் ஸ்பிரிங் இழுவிசையோடு இருக்கும் என்பதால், சக்கரப் பகுதிக்கு ஜாக் முட்டுக் கொடுக்காமல் ஷாக்கின் போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. முனைகளில் இருக்கும் போல்ட் துருப்பிடித்து புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். புது ஸ்பிரிங் ஓட ஓடத்தான் படியும். சில நூறு கிலோமீட்டர் கழித்து உயரத்தை மறுபடி அளந்துவிட்டு, அதுவரை வளைவுகளில் நிதானமாகப் போகலாம்.