அண்ணாவியார் ஊர் திரும்பிய பின்பு

'கலையை மக்களிடம் கொண்டு செல்வோம்' என்னும் குரல் இன்று எங்கும் ஓங்கி ஒலிக்கின்றது. கலைஞர் ஒருவரைச் சில மாதங்கள் ஓரிடத்திலே தங்கவைத்து, அங்குள்ளாருடன் கூடிப் படைக்கச் செய்யும் உறைவிடத் திட்டங்கள் பெருகியுள்ளன. இறுதியில் ஒரு விழா, ஒரு பொன்னாடை, ஓர் அறிக்கை. அத்துடன் கலைஞரை மறந்துவிடுகின்றோம். இத்திட்டங்களை நிறைவு விழாவைக் கொண்டு அளப்பது தவறு. கலைஞர் ஊர் திரும்பிய பின் வரும் ஆண்டுகளே அவற்றின் உண்மையான அளவுகோல் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

இது நமக்குப் புதிய அனுபவமன்று. உறைவிடத் திட்டம் என்ற பெயர் இல்லாவிடினும், 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுவே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' அரங்கேறியது; 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன தொடர்ந்தன. மாணவருக்கு ஆட்டத்தையும் பாட்டையும் பயிற்றியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இதற்கு முன்னரே, 1956இல், பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' நாடகத்திற்கு நாடகமக் கலைஞர் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே துணைநின்றார்.

அம்முயற்சியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. படித்தோர் இழிவாகக் கருதிய கூத்து அதனாலே மதிப்புப் பெற்றது. அன்று ஆடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளிற் பேராசிரியராகி அக்கலையை வளர்த்தார். ஆயின் அண்ணாவியாருக்கு என்ன கிடைத்தது? விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, ஒருபுறம் மட்டும் பார்வையாளர் அமரும் மேடைக்குரிய நாடகமாகச் சுருங்கியது. கற்றவருக்குப் பட்டமும் பதவியும் வாய்த்தன. கற்பித்தவர் ஊர் திரும்பி எவ்வாறு வாழ்ந்தார் என்ற வினாவை நமது நாடக வரலாறுகள் அரிதாகவே எழுப்புகின்றன. இக்குறையைத் தனியொருவர் மேற் சுமத்துதல் பொருந்தாது. அறிவுக்குச் சம்பளமும் கலைக்குச் சன்மானமும் என்று பிரித்துவைத்த நமது சமூக அமைப்பே இதற்குப் பொறுப்பாகும்.

'கலைஞன் பணத்துக்காகவா ஆடுகிறான்?' என்று கேட்போர் உளர். விரிவுரையாளரிடம் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லையே! 1935 முதல் 1943 வரை அமெரிக்க அரசு நடத்திய கூட்டாட்சிக் கலைத் திட்டம், வேலையற்ற ஓவியரையும் சிற்பியரையும் தொழிலாளராக ஏற்றுக் கூலி வழங்கிற்று. அவர்களது சுவரோவியங்கள் பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இடம்பெற்றன. கூலி பெற்றதனால் அக்கலையின் தரம் குன்றிவிடவில்லை.

நம்மவரிடமும் மாற்று வழிகள் தோன்றாமலில்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுக்காமல் ஊராரையே ஆய்வாளராகவும் முடிவெடுப்போராகவும் ஆக்க முயன்றது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பிள்ளைகளுக்குக் கூத்தையும் பள்ளிக் கல்வியையும் ஒருங்கே அளித்தது. அதுவும் இன்று இல்லை என்பது, தொடர்ச்சியைக் காப்பது எத்துணைக் கடினம் என்பதை உணர்த்துகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகருக்கு நாளை இத்தகைய திட்டமொன்று வருவதாகக் கொள்வோம். வருகின்ற கலைஞர் அங்குள்ளாரின் போர்க்கால நினைவுகளையும் பாடல்களையும் கேட்டுத் திரட்டுவார். கொழும்பிலே காட்சி நடைபெறும். கலைஞர் அடுத்த திட்டத்தைத் தேடி அலைவார். கதை சொன்ன தாய்மார் தமது கதை எங்கே சென்றதென்றே அறியார். இருவரும் ஏமாற்றப்படுவர்.

எனவே நாம் வற்புறுத்துவன இவை: கலைஞருக்கு அன்பளிப்பன்று, ஊதியம் வேண்டும். படைப்பிலே கற்பித்தவர் பெயரும் கதை தந்தோர் விரும்பின் அவர் பெயரும் ஆக்கியோராகவே பொறிக்கப்படல் வேண்டும். படைப்பு முதலில் அவ்வூரிலேயே அரங்கேறி, அதன் பிரதியொன்று அங்கேயே இருத்தல் வேண்டும். திட்டம் முடிந்த பின்னும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் அக்கலைஞரை வருகைதரு ஆசிரியராக ஏற்றல் வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. ஆண்டுதோறும் கலைவிழாவுக்கு அண்ணாவிமாரை அழைக்கின்றோம், மாலை சூட்டுகின்றோம். அடுத்த விழாவுக்கான வரவுசெலவுத் திட்டத்தை வரையும்பொழுது, மண்டப அலங்காரத்திற்கு முன்னதாக அண்ணாவியாரின் ஊதியத்தை எழுதுவோமாக.