தேய்ந்த வெள்ளிக்காசு குப்பையா?

எங்கள் அபார்ட்மெண்ட் வாஷிங் மெஷின் கால் டாலர் காசு போட்டால்தான் ஓடும். அதற்காக மாதம் ஒருமுறை பேங்கில் பத்து டாலர் கொடுத்து, நாற்பது காசு அடுக்கிய ரோல் ஒன்று வாங்கி வருவேன். போன செமஸ்டரில் ஒருநாள் ரோலைப் பிரித்து மேஜையில் கொட்டியபோது ஒரு காசின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. மற்றதெல்லாம் 'டக்' என்று விழ, இது 'ணங்' என்றது. எடுத்துப் பார்த்தால் வாஷிங்டன் தலை, வருடம் 1964. அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான், இன்னும் விடவில்லை :-)

விவரம் தெரியாதவர்களுக்குச் சின்னதாக ஒரு முன்கதை. அமெரிக்காவில் 1964 வரை வருடம் போட்டு வந்த டைம் (பத்து சென்ட்), கால் டாலர், அரை டாலர் மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. வெள்ளி விலை ஏறியது, கூடவே சில்லறைத் தட்டுப்பாடும் வந்தது. 1965-ல் ஜான்சன் அதிபராக இருந்தபோது சட்டம் போட்டு டைமிலும் கால் டாலரிலும் வெள்ளியை எடுத்துவிட்டார்கள். அரை டாலரில் மட்டும் 1970 வரை 40 சதவீதம் இருந்தது. கண்டுபிடிப்பது சுலபம். புதுக் காசை ஓரமாகப் பார்த்தால் நடுவில் செம்புக் கோடு தெரியும், வெள்ளிக்காசில் தெரியாது. எடையும் பழையது 6.25 கிராம், புதியது 5.67 கிராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் உள்ள நாணயக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று விலை உயர்ந்த காசுகள். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய, தேய்ந்துபோன வெள்ளிக்காசுகள். அதற்கு இங்கே பெயர் 'ஜங்க் சில்வர்', அதாவது குப்பை வெள்ளி. வருடம், ஊர் எதையும் பார்க்காமல் வெள்ளிக் கணக்கில் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். விலை ஏறினால் வாளியோடு உருக்காலைக்குப் போய்விடும். எனக்கு உறுத்துவது இதுதான்.

இது புதிதல்ல. 1980 ஜனவரியில் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டபோது, மூட்டை மூட்டையாகப் பழைய காசுகள் உலைக்குப் போயின. 2025 அக்டோபரில் விலை அந்த உச்சத்தையும் தாண்டியது. உருக்குவதற்குத் தடையும் இல்லை. 1967-ல் போட்ட தடையை 1969-லேயே எடுத்துவிட்டார்கள். இன்று சட்டப்படி உருக்கக் கூடாதது ஒரு சென்ட் காசும் ஐந்து சென்ட் காசும்தான். வேடிக்கையாக இல்லை?

இன்னும் பழைய கதை ஒன்று நம் ஊர் வரை வருகிறது. முதல் உலகப்போர் சமயத்தில் இந்தியாவில் மக்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்டார்கள். பிரிட்டிஷ் அரசிடம் வெள்ளி இல்லை. 1918-ல் பிட்மன் சட்டம் கொண்டுவந்து அமெரிக்கா 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பகுதி வெள்ளி இந்தியாவுக்குப் போய் ரூபாய் ஆனது. எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1919 ரூபாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு மார்கன் டாலர் கரைந்து கிடக்கலாம், யார் கண்டது!

ஆனால் எந்தெந்த வருட டாலர்களை உருக்கினோம் என்று அப்போது யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால் மார்கன் டாலரில் எத்தனை அடித்தார்கள் என்று தெரிந்தாலும், எத்தனை மிச்சம் என்பது இன்றுவரை ஊகம்தான்.

"டேய், 1964 கால் டாலரே நூறு கோடிக்கு மேல அடிச்சிருக்கான். நாலு உருகினா என்ன குடியா முழுகிடும்?" என்கிறான் ரூம்மேட். நியாயம்தான். எல்லாக் காசையும் பொத்திப் பொத்தி வையுங்கள் என்று நானும் சொல்லவில்லை. பார்க்காமல் கொட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 1916-ல் டென்வரில் அடித்த மெர்குரி டைம் மொத்தமே 2 லட்சத்து 64 ஆயிரம். பின்பக்கம் பொடியாக ஒரு 'டி' எழுத்து, அவ்வளவுதான் அடையாளம். வாளியில் அதுவும் இரண்டரை கிராம் காசு.

அபூர்வமே இல்லாத காசுக்கும் ஒரு பெறுமதி உண்டு. என்னிடம் நிற்கும் சுதந்திர தேவி போட்ட கால் டாலர் ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்க மழுங்கிவிட்டது. அந்த வகையில் 1925-க்கு முன் வருட எண்ணைக் கொஞ்சம் மேடாக அமைத்திருந்தார்கள், அதனால் முதலில் தேய்வது அதுதான். எத்தனை பேர் கை பட்டிருந்தால் நான்கு எண்கள் அழிந்துபோகும்! கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் புத்தம்புதுக் காசு எதையும் வாங்கியதில்லை. இது ரொட்டி வாங்கியிருக்கும், கூலியாகப் போயிருக்கும். இதையா குப்பை என்பது?

அதற்காக நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். சேர்த்த இருபத்து மூன்றில் ஒன்பதைப் போன மாதம் விற்றுத்தான் பாடப்புத்தகம் வாங்கினேன். விற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, வருடமும் அடித்த ஊரும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

உங்கள் கையில் இப்படிக் காசு சிக்கினால், தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மதிப்பு போய்விடும். விற்கவேண்டி வந்தால் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். ரூம்மேட் இன்னும் சிரிக்கிறான். ஆனால் இப்போதெல்லாம் லாண்டரி ரோலை அவனே முதலில் பிரித்துக் கொட்டிப் பார்க்கிறான்.